ஒரு தட்டும் இரு தொழிலும்

மண்சட்டி வாங்கச் சந்தைக்குச் செல்லும் நம் வீட்டுப் பெண்கள், சட்டியை ஒரு கையில் ஏந்தி, மறுகை விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். ஒலி கணீரென்று எழுந்தால் விலை பேசுவார்கள். அடைத்த ஒலி எழுந்தால், சட்டியின் வடிவும் நிறமும் எத்துணை அழகாயிருப்பினும், அதனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும் என்பது அவர்கள் பழக்கத்தால் அறிந்த உண்மை. ஓசைக்காகவே வாங்கப்படும் பொருள் ஒன்றைச் சுண்டிப் பாராமல், கண்ணால் மட்டும் பார்த்து வாங்கிய பிழைக்கு நான் ஒருமுறை பொறுப்பாளியானேன். அதனால் நேர்ந்த நட்டத்தையும் பின்னர் கற்றுக்கொண்ட பாடத்தையும் உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அப்பொருள் சிம்பல் எனப்படும் வெண்கலத் தாளத்தட்டு. மேலைத்தேய இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவரின் முன்னே, உயர்ந்த தாங்கிகளின்மேல் அகன்ற தட்டுக்கள் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று ரைட் எனப்படும். பாடல் தொடங்கி முடியும்வரை அதன் முகத்தைக் குச்சியின் நுனியால் இடைவிடாது தட்டி, வாசிப்பவர் காலப்பிரமாணத்தைக் காட்டிச் செல்வார். மற்றையது கிராஷ் எனப்படும். பல்லவி திரும்பும் இடத்திலும், பாட்டு உச்சத்தை எட்டும் இடத்திலும் அதன் விளிம்பைக் குச்சியின் தண்டினால் அடித்து, ஓசையை ஒரே கணத்தில் மலரச் செய்வார். முன்னையது நடையைக் காட்டுவது. பின்னையது திருப்பத்தைக் காட்டுவது. ரைட் பெரும்பாலும் 20 அல்லது 22 அங்குல விட்டமும் கூடிய தடிப்பும் உடையது. கிராஷ் 16 முதல் 18 அங்குல விட்டமும் குறைந்த தடிப்பும் உடையது.

இரு தொழிலுக்கும் இரு தட்டுக்கள் இருக்க, ஒன்றே இரண்டையும் செய்யவேண்டும் என்று ஏன் விரும்பவேண்டும் என நீங்கள் வினவலாம். நல்ல சிம்பல் ஒன்றின் விலை இன்று ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விஞ்சிவிடுகிறது. பேருந்திலே வாத்தியங்களைச் சுமந்து செல்லும் இளைஞனுக்கு ஒரு தட்டுக் குறைந்தால் ஒரு பாரம் குறையும். சிறிய தேவாலயத்திலும் சிறிய மண்டபத்திலும் ஓசை மிகாமல் வாசிப்போர்க்கு ஒரு தட்டே போதுமானது. ஆதலின், இனிய ஓசையோடு நடை காட்டி, வேண்டிய இடத்தில் மலரவும் வல்ல ஒரு ரைட் சிம்பலைத் தெரிந்தெடுப்பது, பொருள்வசதி குறைந்தவர்க்கு ஆடம்பரமன்று, தேவையேயாகும்.

இனி எமது கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையின் இசைக்குழுவுக்குச் சிம்பல் வாங்குவதற்கெனப் பெற்றோரும் பழைய மாணவரும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தந்தனர். ஆசிரியர் இருவரும் டிரம்ஸ் வாசிக்கும் மாணவனும் நானுமாகக் கடையொன்றுக்குச் சென்றோம். அங்கே தொங்கிய தட்டுக்களுள் ஒன்று புதுப்பொன்போல் மின்னியது. தூக்கிப் பார்த்தோம், மற்றெல்லாவற்றினும் கனமாக இருந்தது. பொன் வாங்குவோர் நிறையைப் பார்ப்பதுபோல நாமும் நிறையைப் பார்த்து மகிழ்ந்தோம். மாணவன் குச்சியை எடுத்து அதனை அடித்துப் பார்க்க முனைந்தான். கடையிலே சத்தம் போடாதே என்று அவனைத் தடுத்தவன் நானே.

பரிசளிப்பு விழாவன்று அதன் குணம் வெளிப்பட்டது. அவன் நடை காட்டியபோது கொல்லன் பட்டறையில் இரும்பை அடிக்கும் ஓசை எழுந்தது. பாடிய சிறுமியின் சொற்கள் முன்வரிசைக்கே எட்டவில்லை. திருப்பத்தில் அவன் விளிம்பை அடித்தான், ஓசை மலரவில்லை. மேலும் ஓங்கி அடித்தான். மலர்ந்த ஓசை அடுத்த அடி தொடங்கிய பின்னரும் அடங்கவில்லை. சொன்னபடி கேளாத மாட்டை அடித்து ஓட்டுபவனைப்போல, அவன் அந்த ஆண்டு முழுவதும் அத்தட்டோடு போராடினான். அவனது மணிக்கட்டு நோவெடுத்தது. ஆண்டு முடியுமுன் தட்டின் விளிம்பில் விரலகலக் கீறல் விழுந்தது. கீறிய சிம்பலை ஒட்டவைத்துப் பழைய ஒலியைப் பெறுதல் இயலாது. ஊரார் தந்த பணம் அக்கீறலின் வழியே போயிற்று.

கொழும்பில் இசைக்குழுவொன்றில் வாசிக்கும் பழைய மாணவர் ஒருவர் பின்னர் பாடசாலைக்கு வந்தபோது அத்தட்டைக் கண்டார். குற்றம் மாணவனுடையதன்று, தட்டினுடையதும் அன்று. தொழிலுக்குப் பொருந்தாத தட்டைத் தெரிந்தெடுத்ததே குற்றம் என்றார். அவர் விளக்கியவற்றையும், அதன்பின் நான் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் இனித் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, உலோகம். மலிவான தட்டுக்கள் செம்பும் நாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. அவற்றின் ஓசை விரைவில் மங்கிவிடும். அடுத்த வகை நூற்றுக்கு 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலத் தகட்டால் ஆனது. அதன் ஓசை பெரும்பாலும் கூர்மையும் பளிச்சென்ற தன்மையும் உடையது. மூன்றாம் வகையில் செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. இதனைத் தொழில்துறையினர் பி-20 என்பர். இதன் ஓசை செறிவுடையது; பல சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து வருவது. ஆயின் இவ்வுலோகம் குளிர்ந்த நிலையில் நொறுங்கும் இயல்பினது. அதனால் வார்த்த கட்டியைச் சூளையில் காய்ச்சி, உருளைகளுக்கிடையே செலுத்தி, மீண்டும் காய்ச்சி, மீண்டும் செலுத்திப் படிப்படியாகத் தட்டையாக்குவர். பின்னர் சூட்டோடு நீரில் தோய்த்து, அதன் நொறுங்கும் தன்மையைக் குறைத்து, சம்மட்டியால் தட்டியும் கடைந்தும் உருவாக்குவர். விலை உயர்வதற்கு இவ்வுழைப்பே பெரும் காரணம். இனிமையான ஓசை வேண்டுவோர் பெரும்பாலும் நாடுவது இவ்வகையையே.

இரண்டாவது, தடிப்பு. எமது பிழை இங்கேதான் நேர்ந்தது. விட்டம் ஒன்றாயிருக்கத் தடிப்புக் கூடினால் சுருதி உயரும். தடிப்புக் குறைந்தால் சுருதி தாழும். தாழ்ந்த சுருதியும் மெல்லிய உலோகமும் சேர்ந்தே நாம் இனிமை, கதகதப்பு என்று உணரும் ஓசையைத் தருகின்றன. 20 அங்குலத் தட்டு ஒன்று 2000 கிராம் நிறையுடையதாயின், அதன் சராசரித் தடிப்பு ஒரு மில்லிமீற்றரைச் சற்றே கடந்ததாகும். அதே தட்டு 2700 கிராம் இருப்பின், தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றராகும். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த இவ்வேறுபாட்டிலேயே தட்டின் குணம் முழுவதும் மாறிவிடுகிறது.

கிராஷ் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். தட்டை மெல்ல அடித்தால் அது பெரிய, மெதுவான அதிர்வுகளாக அசையும். நாம் கேட்பது தாழ்ந்த முழக்கம். வலுவாக அடித்தால், அப்பெரிய அதிர்வுகளின் ஆற்றல் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எண்ணற்ற நுண்ணிய விரைந்த அதிர்வுகளாகப் பிரிந்து பரவும். மலர்ந்து விரியும் அச்சலசலப்பே கிராஷ் ஒலி. தட்டின் அசைவு அதன் தடிப்பை நெருங்கும்போதே இம்மாற்றம் வலுப்பெறுகிறது. ஆகவே மெல்லிய தட்டு மென்மையான அடிக்கே மலரும். தடித்த தட்டோ ஓங்கி அடித்தாலன்றி மலராது. எமது மாணவனின் மணிக்கட்டு நொந்தமைக்கும் விளிம்பு கீறியமைக்கும் காரணம் இதுவே.

அப்படியாயின் ஆக மெல்லிய தட்டையே வாங்கலாமே என்று எண்ணுதல் கூடாது. மிக மெல்லிய தட்டில் குச்சி நுனியால் தொடர்ந்து தட்டும்போது, ஒவ்வொரு தட்டலின் எதிரொலியும் முந்தையதன்மேல் ஏறி, வெள்ளம்போல் பெருகும். அவ்வெள்ளத்தில் குச்சியின் தெளிவான ஒலி மூழ்கிவிடும்; காலப்பிரமாணம் கேளாது. இரு தொழிலுக்கும் உரிய தட்டு இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே இருத்தல் வேண்டும். 20 அங்குல விட்டத்தில் ஏறத்தாழ 1800 முதல் 2100 கிராம் வரை உள்ளவற்றிலிருந்து தேடத் தொடங்கலாம். நடுப்பகுதி சற்றுத் தடித்தும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மெலிந்தும் உள்ள தட்டு மிக நன்று. தடித்த நடு குச்சியின் ஒலியைக் காட்டும். மெலிந்த விளிம்பு எளிதில் மலரும். பெருவிரலால் விளிம்பை மெல்ல அழுத்திப் பார்த்தால் அது சற்றே இணங்குவதை உணரலாம்.

மூன்றாவது, வடிவம். முதுகு மிக வளைந்த தட்டு உயர்ந்த சுருதியும் கூர்மையான தெளிவும் தரும். வளைவு குறைந்தது தாழ்ந்த சுருதியும் விரைந்த மலர்ச்சியும் தரும். நடுவிலுள்ள குமிழ் பெரிதாயின் ஓசையும் நீட்சியும் கூடும். சிறிதாயின் அடக்கம் கூடும். குமிழே இல்லாத தட்டுக்களும் உள. அவை நடை காட்டுவதில் மிக நயமுடையவை; ஆயின் கிராஷ் தொழிலுக்குப் பெரும்பாலும் உதவா. சம்மட்டித் தழும்புகள் ஒழுங்கின்றிப் பரவிய தட்டில் ஓசை இருண்டு குழைந்து வரும். கடையாமல் கரட்டு மேற்பரப்போடு விட்ட தட்டு வறண்ட, குறுகிய ஓசை தரும். கடைந்த தட்டு தாராளமாக ஒலிக்கும். எனவே வளைவு தாழ்ந்து, குமிழ் அளவாகி, சம்மட்டியால் நன்கு தட்டப்பெற்று, கடையப்பெற்றதே நமது தேவைக்கு அண்மையானது.

இவ்விதிகள் யாவும் வாசிப்போரின் செவியிலிருந்து பிறந்தவையே. கொன்ஸ்தாந்திநோபிளில் 1623-ஆம் ஆண்டில் ஆர்மீனியக் கைவினைஞர் அவெடிஸ் தொடங்கிய பட்டறையே சில்ஜியன் என்ற புகழ்பெற்ற சிம்பல் மரபின் மூலம். அவ்வழிவந்த மூன்றாம் அவெடிஸ் 1929-இல் அமெரிக்காவில், பொஸ்டன் நகருக்கு அண்மையில் தொழிலைத் தொடங்கினார். ஜாஸ் இசையில் வல்ல ஜீன் குருப்பா போன்றோர் மெல்லிய தட்டுக்களை வேண்ட, அவர் அவ்வாறே செய்து கொடுத்தார். 1940-ஆம் ஆண்டையொட்டி கென்னி கிளார்க் என்னும் கலைஞர், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மிலிருந்து காலப்பிரமாணத்தைத் தட்டின்மேல் ஏற்றினார். அன்றிலிருந்தே ரைட் சிம்பலின் ஓசை ஒரு கலைஞரின் குரலாகவே மதிக்கப்படலாயிற்று. துருக்கியிலிருந்து கே. சில்ஜியன் தட்டுக்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த கிரெட்ச் நிறுவனத்தின் புரூக்ளின் கட்டடத்துக்குக் கலைஞர்கள் நேரிற் சென்று, பல தட்டுக்களை அடித்துக் கேட்டு, தமக்குரியதைத் தெரிந்தெடுத்தனர். கையால் தட்டி உருவாக்கிய தட்டுக்களுள் ஒன்றைப்போல் மற்றொன்று ஒலிப்பதில்லை. முத்திரையும் அளவும் ஒன்றேயாயினும் குரல் வேறாயிருக்கும். ஆதலால் பெயரை வாங்குவதனால் பயனில்லை; கையிலுள்ள அந்தத் தட்டைத்தான் வாங்கவேண்டும்.

நேயர்களே, இனிச் சோதிக்கும் முறையைக் கேளுங்கள்.

கடைக்குச் செல்லும்போது நீங்கள் நாள்தோறும் வாசிக்கும் குச்சியையே எடுத்துச் செல்லுங்கள். மரநுனி ஓசையை மென்மையாக்கும். நைலோன் நுனி கூர்மையாக்கும். வேறொருவர் குச்சியால் சோதித்தால் வேறொரு தட்டையே கேட்டவராவீர்கள். தட்டைத் தாங்கியில், மேலும் கீழும் கம்பளி வளையமிட்டுத் தளர்வாகப் பொருத்துங்கள். முதலில் வழக்கமான நடையை இரண்டு நிமிடம் மெதுவாகவும், பின்னர் விரைவாகவும் வாசியுங்கள். குச்சியின் ஒவ்வொரு தட்டலும் தனித்துக் கேட்கிறதா, அல்லது ஓசை வெள்ளம் ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது மிக முக்கியமான சோதனை. நடையை நிறுத்தாமலே விளிம்பில் ஒருமுறை கிராஷ் அடித்து, உடனே நடைக்குத் திரும்புங்கள். ஓசை உடனே மலர்ந்ததா? மலர்ந்தபின், ஓரிரு அடிகளுக்குள் குச்சியின் ஒலி மீண்டும் மேலெழுந்து கேட்டதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைப்பின், அத்தட்டு இரு தொழிலும் அறிந்தது. முதலாவதற்கு மட்டும் ஆம் எனில் அது கிராஷ் மட்டுமே. இரண்டாவதற்கு மட்டும் ஆம் எனில் அது ரைட் மட்டுமே.

அதன்பின் குச்சியை நண்பரிடம் கொடுத்து, நீங்கள் மண்டபத்தின் மறுகோடிக்குச் சென்று கேளுங்கள். அருகில் இரைச்சலாகத் தோன்றும் தட்டுத் தூரத்தில் இனிக்கலாம். அருகில் இனிப்பது தூரத்தில் காணாமற் போகலாம். கேட்போர் இருப்பது தூரத்திலேயே அன்றோ? இக்காலத்தில் தொலைபேசித் திரையிலே ஒலிப்பதிவைக் கேட்டுத் தருவிப்போர் பலர். ஒலிவாங்கியை அண்மையில் வைத்துப் பதிந்த ஓசை, உங்கள் மண்டபத்தில் கேட்கப்போகும் ஓசையன்று. பத்துத் தட்டுக்களை மூன்றாகக் குறைக்க அது உதவலாம். மூன்றில் ஒன்றைத் தேர அது போதாது. வேறு வழியில்லாதவர், பிடிக்காவிடின் மாற்றித் தருவதாக உறுதிகூறும் வணிகரிடமே வாங்குதல் நன்று. பழைய தட்டு வாங்குவோர் விளிம்பைச் சுற்றி நகத்தால் வருடிப் பார்க்கவேண்டும். நடுத்துவாரம் தேய்ந்து நீண்டுள்ளதா என்றும் நோக்கவேண்டும். கருமை படர்ந்திருப்பது குறையன்று. இருண்ட ஓசையை விரும்புவோர் அக்கருமையைத் துலக்காமலே விடுவர்.

வாங்கிய தட்டைக் காப்பதும் அறியவேண்டியதே. தாங்கியின் திருகை இறுக்கினால் தட்டு அசைய இடமின்றித் துன்புறும். விளிம்பை நேருக்கு நேர் குத்தலாகாது. பக்கவாட்டில் வழுக்கிச் செல்லுமாறு அடித்துக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய தட்டு தன் கடமையைச் சிறு அடியிலேயே செய்துவிடும். அதற்குமேல் அடிப்பது தட்டைக் கெடுப்பதேயன்றி ஓசையைக் கூட்டுவதன்று. திறந்த வெளியில், பெரிய ஒலிபெருக்கிகளோடு மின்கித்தார்கள் முழங்கும் குழுவுக்கு இவ்வகைத் தட்டுப் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அங்கே சற்றுத் தடித்த ரைட்டும் தனியான கிராஷும் வேண்டும்.

எமது பாடசாலை இரண்டாம் முறை சிம்பல் வாங்கியது. இம்முறை பணம் முன்னையதிலும் குறைவு. அப்பழைய மாணவரே துணைவந்து, ஒருவர் பாவித்து விற்ற 20 அங்குலத் தட்டொன்றைக் காட்டினார். பொலிவிழந்து பழுப்பேறிய அதனை ஆசிரியர் ஒருவர் ஐயத்தோடு நோக்கினார். நான் ஒன்றும் சொல்லாமல் குச்சியை மாணவன் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்தின் கடைசி வரிசைக்குச் சென்று அமர்ந்தேன். அவன் நடை காட்டினான். மழைக்குப் பின் கூரையிலிருந்து சொட்டும் நீர்போல ஒவ்வொரு தட்டலும் தனித்து வந்தது. விளிம்பை அடித்தான், ஓசை விரிந்தது, தணிந்தது, நடை மீண்டும் கேட்டது. அவன் என்னை நோக்கினான். வேறு தட்டொன்றையும் அடித்துப் பார்க்க விரும்புகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் அதே சிறுமி பாடினாள். அவள் பாடிய ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை கேட்டது. முதல் முறை கடையிலே அம்மாணவனை ஒரேயொரு அடி அடிக்க விட்டிருந்தால் எமக்கு நட்டம் நேர்ந்திராது. பாடசாலைக்கோ பிள்ளைக்கோ வாத்தியம் வாங்கச் செல்லும் பெரியோர்க்கு என் வேண்டுகோள் இதுவே: அதனை வாசிக்கப்போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் வாசித்துப் பார்க்க விடுங்கள், நீங்கள் சற்று விலகி நின்று கேளுங்கள்.